மலிவாக ஒரு துப்பாக்கி

“விலை குறைவா இருக்கணும். தூக்கிட்டு நடக்க லேசா இருக்கணும். ஒரே வெடியில ஆளு விழணும். சரிதானா அண்ணாச்சி?” என்று கேட்டான் பீர் மைதீன்.

“ஆளு இல்லடே, பன்னி. நம்ம தோட்டத்துல பன்னித் தொல்லை. கடைக்குள்ள போயி உளறிராத” என்றார் தாணுமாலயன்.

“பன்னின்னு சொன்னாலே எங்க வீட்டுல வாயைக் கழுவச் சொல்லுவாக. நீங்களே சொல்லுங்க. நான் தலையை ஆட்டுதேன்.”

வழக்கமாக இப்படி ஒரு பேச்சுக்குத் தாணுமாலயன் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. பீரும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. வாய் சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதனால் பேசிக்கொண்டே வந்தான்.

தென்காசி ரயிலடிச் சாலையில் சாரல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகும் ஜட்கா வண்டிகளில் எண்ணெய்க் குளியலுக்குக் கிளம்பிய வெளியூர்க்காரர்கள் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே பீருக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய அக்கா ஹைருன் பீவியின் புருஷன் முகம்மது மீரான் பாளையங்கோட்டை சிறையில் கிடந்தான். திங்கட்கிழமை செசன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு விசாரணை. இன்று சனிக்கிழமை.

வழக்கு இதுதான். மீரான், மரக் காண்டிராக்டர் தங்கசாமியின் கார் டிரைவர். பழைய குற்றால அருவிக்கு எதிரே உள்ள ஒற்றையடிப் பாதையில் முதலாளியும் அவனும் நடந்து போனபோது தங்கசாமி நெஞ்சில் குண்டு பாய்ந்து செத்தார். அருவிப் பக்கமிருந்து ஆட்கள் வந்து பார்த்தபோது மீரானின் கையில் முதலாளியின் ரிவால்வர் இருந்தது. அதில் ஒரு தோட்டா வெடித்திருந்தது. முதலாளி விழுந்ததும் உதவிக்கு ஆள் கூப்பிட வானத்தைப் பார்த்துச் சுட்டேன் என்றான் மீரான். அப்படி ஒரு வெடிச்சத்தத்தை யாரும் கேட்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் மரக்கடையில் பத்துப் பேர் முன்னால் தங்கசாமி அவனை அறைந்திருந்தார். உடம்பிலிருந்து எடுத்த குண்டு, அந்த ரிவால்வருக்கு உரிய நாற்பத்துநாலு ரகம்தான் என்று ஊரின் ஒரே துப்பாக்கிக் கடைக்காரர் போலீசாரிடம் உறுதி சொல்லிவிட்டார். போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

“இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குத் தைரியம் வரட்டும்.”

தாணுமாலயன் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். பர்மாச் சண்டையில் ஹவில்தாராக இருந்துவிட்டு, நாகர்கோவிலில் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். பீர் அவருடைய உதவியாள். சொன்னதையே திரும்பச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. இன்று சொன்னார்.

“அன்னைக்கு மழை. மீரான் முதலாளிக்குக் குடை பிடிச்சிருக்கான். குடை பிடிக்கவன் முதலாளிக்கு முன்னால நடப்பானாடே? பின்னாலதான் நடப்பான். குண்டு பாஞ்சது நெஞ்சுல. தங்கசாமிக்கு முன்னால என்ன இருந்துது? பள்ளம், ஓடை, ஓடைக்கு அங்கன மலைச்சரிவு. அங்கன இருந்து வந்த குண்டு அது.”

“அவ்வளவு தூரம் ரிவால்வர் எட்டாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லுதாரே?”

“எட்டாதுதான். ஆனா ரிவால்வர் தோட்டாவையே தின்னுற நீளத் துப்பாக்கி ஒண்ணு உண்டு. பர்மாவுல ஒரு தோட்டத்துரை கிட்டப் பாத்திருக்கேன். அது இந்தப் பக்கம் யாரு கையில இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்.”

பீர் தலையை ஆட்டினான். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஹைருன் பீவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இன்னைக்காவது ஏதாவது கொண்டு வருவியா தம்பி?” என்று கேட்டாள். “மச்சானையே கொண்டு வாரேன் லாத்தா, பிரியாணிக்கு அரிசியைப் போடு” என்றான் பீர். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

துப்பாக்கிக் கடை, வீட்டின் முன்கட்டில் இருந்தது. கடைக்காரர் ஆவுடைநாயகம் ஒல்லியான மனிதர். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது, முகத்தில் பல நாள் தாடி. லைசென்சுக்கு மனு போட்டிருப்பதாகவும், கையில் வந்ததும் எதை வாங்கலாம் என்று பார்த்துவைக்க வந்திருப்பதாகவும் தாணுமாலயன் சொன்னார்.

“எதுக்கு அண்ணாச்சி, பன்னிக்கா?”

“ஆமா. கடையநல்லூர்ப் பக்கம் தோட்டம். கிழங்கு ஒண்ணு விடமாட்டேங்கு.”

“கிழங்கைத் தின்னுட்டு எங்களைப் பாத்துச் சிரிக்கு” என்றான் பீர்.

ஆவுடைநாயகம் சுவரில் மாட்டியிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை இறக்கினார். “இது நம்ம ஊருக்குத் தோதான சாமான். ஆனா ரெண்டே வெடி. பன்னி திரும்பிப் பாஞ்சா மரத்துலதான் ஏறணும். போதாக்குறைக்குச் சத்தம். காது கிழிஞ்சிரும்.”

“நிறைய வெடி வெடிக்கணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. லீவர் போட்ட துப்பாக்கின்னு சொல்லுதாங்களே, அது உண்டா?” என்று கேட்டார் தாணுமாலயன்.

கடைக்காரரின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய், சாக்கில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். குட்டையான, அழகான துப்பாக்கி. விசைக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தார். வெண்ணெய் போல வழுக்கி ஓடியது.

“இப்படி ஒரு தடவை இழுத்தா அடுத்த தோட்டா தானா மேல வந்துரும். குழலுக்கு அடியில இன்னொரு குழாய் இருக்கு பாத்தீங்களா? தோட்டா எல்லாம் அதுக்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணு வரிசையா நிக்கும்.”

“எங்க ஊரு ரேஷன் கடை மாதிரி” என்றான் பீர்.

“அமெரிக்காக்காரன் செஞ்சதுன்னா விலை எட்டாது. இது ஸ்பெயின் தேசத்துச் சரக்கு. அதைப் பாத்து இவன் செஞ்சது. இரும்பு நல்ல இரும்பு. பேருக்குக் கொடுக்கிற காசு உங்களுக்கு மிச்சம். பெரிய தோட்டா போடுற ரகமும் உண்டு. அது யானை மலைக்குப் போறவங்களுக்கு. கிழங்குத் தோட்டத்துப் பன்னிக்குக் கைத்துப்பாக்கித் தோட்டாவே யதேஷ்டம். நாற்பத்துநாலு. ரிவால்வர் வச்சிருக்கவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே தோட்டா வாங்கினாப் போதும். தோளுல உதைக்காது. லேசு.”

“குறை ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு. கட்டையில இங்கன ஒரு கீறல். ஒரு திருகாணி புதுசு. எண்பது கெஜத்துக்குள்ள வச்சுக்கிடணும். அதுக்கு மேல குண்டு தாழ்ந்துரும்.” அவர் சாக்கை இழுத்துத் துப்பாக்கியை மூட ஆரம்பித்தார். “சத்தமும் ஒண்ணும் பெருசா இல்ல. கை தட்டின மாதிரிதான்.”

“இதை நான் எடுத்துக்கிட்டா?”

“இது ஆரியங்காவு எஸ்டேட்காரருக்குப் பேசியாச்சு. பிற்பகல் வண்டிக்கு ஆளு வந்து வாங்கிட்டுப் போவாரு. உங்களுக்கு வேற தருவிச்சுத் தாரேன்.”

“இந்த வட்டாரத்துல வேற யாரும் இதே மாதிரி வச்சிருக்காங்களா? கேட்டுப் பாத்து வாங்கலாமேன்னுதான்.”

“ஒருத்தர் கிட்டயும் கிடையாது. நான் இந்த ரகம் வாங்கினதே இதுதான் முதல் தடவை. ஒரு துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துட்டுப் போனாரு. வந்ததுல இருந்து கடையை விட்டு நகரல.”

வெளியே வந்ததும் பீர் நேராகத் தெருவைக் கடந்தான். எதிரே இருந்த டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்தான். டீ வந்தது, அதைத் தொடவில்லை.

“முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. ஊருலயே ஒரே துப்பாக்கி. அதுவும் கடையை விட்டு நகரலையாம். இன்னும் கொஞ்ச நேரத்துல அதுவும் மலை ஏறி கேரளாவுக்குப் போயிரும். நான் லாத்தா மொகத்துல எப்படி முழிப்பேன்? அரிசி போடச் சொன்னேனே, அந்த வாயை எங்கன கொண்டு வைப்பேன்?”

தோளைக் குலுக்கிக்கொண்டு அழுதான். டீக்கடைக்காரர் பார்க்காதது போல அடுப்பைக் கிளறினார். தாணுமாலயன் அவன் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

“பீரு, அந்த ஆளு பொய் சொல்லுத வியாபாரியாடே?”

“இல்ல. கீறலைக் காட்டுதாரு, திருகாணியைக் காட்டுதாரு. இவரை மாதிரி நாலு பேரு இருந்தா நாட்டுல ஒரு வியாபாரமும் நடக்காது.”

“அப்போ சத்தம் கை தட்டின மாதிரி இருக்கும்னு சொன்னாரே, அது?”

“அதுவும் நெசமாத்தான் இருக்கும்.”

“நான் பர்மாவுல கேட்டிருக்கேன். அது வெடிச்சாப் பக்கத்து மரத்துக் காக்கா எல்லாம் ஊரை விட்டே போயிரும். தோட்டா சின்னதா இருந்தா வெடி ஊமையா ஆயிருமா? ஆனா இவரு காதுல அது கை தட்டின மாதிரிதான் விழுந்திருக்கு. எப்படி விழுந்துது? கடையை விட்டு நகராத துப்பாக்கியை எங்கன வச்சுக் கேட்டாரு?”

பீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். மீரான் வானத்தைப் பார்த்துச் சுட்டது அவனுக்கு நினைவு வந்தது. பாதையில் நின்ற மனிதன் சுட்டான், கூப்பிடு தூரத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் காதிலும் அது விழவில்லை. ஏன் விழவில்லை?

“அருவி” என்றான். “சீசன்ல அருவி விழுத சத்தம். அதுக்குப் பக்கத்துல நின்னு சுட்டா எந்தத் துப்பாக்கியும் கை தட்டின மாதிரிதான் கேக்கும். அண்ணாச்சி... அங்கன நின்னது இவருதானா?”

“அவரு வாயால சொன்னாத்தான் உண்டு. நம்ம கையில வேற ஒண்ணும் கிடையாதுடே. அவரு இல்லைன்னு சொல்லிட்டா நாம ரெண்டு பைத்தியக்காரங்க.”

திரும்பிப் போனபோது ஆவுடைநாயகம் அதே இடத்தில், சாக்கு மூட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம்” என்றார் தாணுமாலயன். “வாங்குறதுக்கு முன்னால சத்தத்தைக் கேட்டுரணும்னு தோணுது. கொல்லையில மணல் மூட்டை இருக்கும்லா? அதுல ஒரு வெடி போட்டுக் காட்டுங்க. கை தட்டின மாதிரிதானே, தெருவுல யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க.”

ஆவுடைநாயகம் சாக்கு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் தாணுமாலயன். முகம்மது மீரானுக்காக வந்திருக்கேன். இவன் மீரானோட மச்சினன்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. கடையைப் பூட்டப் போறேன். நீங்க போங்க.”

பீருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். பிடித்த கையில் அந்த மனிதரின் எலும்புதான் தட்டுப்பட்டது. அவ்வளவு மெலிந்திருந்தார். பிடி தானாகத் தளர்ந்தது. எந்த வேடிக்கைப் பேச்சும் வாயில் வரவில்லை.

“அண்ணாச்சி, எங்க மச்சானைத் தூக்குல போட்டுருவாங்க. எங்க லாத்தா செத்துப் போவா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களைக் கும்பிடுதேன்” என்று காலடியில் உட்கார்ந்தான்.

“எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதேன்லா!” ஆவுடைநாயகம் கத்தினார்.

“தெரியும்.”

உள்வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். கடைக்காரரின் மனைவி சங்கரம்மாள் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். “எனக்கும் தெரியும். குறி பாக்கத் தேங்காச் சிரட்டையைக் குச்சியில மாட்டி வச்சதே நான்தான்” என்றாள்.

“ஏட்டி, நீ உள்ள போ.”

“போகமாட்டேன். எத்தனை நாளைக்கு உள்ள இருப்பேன்? அருவிக்குக் குளிக்கப் போனோம் தம்பி. எஸ்டேட்காரர் கிட்டக் கொடுக்கதுக்கு முன்னால சுட்டுப் பாத்துரணும்னு இவுக அதையும் எடுத்துட்டு வந்தாக. சுட்டுப் பாக்காத சாமானை இவுக யாருக்கும் விக்கமாட்டாக. ஓடைக்கு அந்தக் கரையில, புதர்ப் பக்கம் சிரட்டையை வச்சேன். இவுக சுட்டாக. சிரட்டை அசையல. குண்டு எங்கன போச்சுன்னும் தெரியல. மழை வலுத்துது, வந்துட்டோம். புதருக்கு அந்தால பாதை இருந்தது எங்களுக்குத் தெரியாது. மறுநாள்தான் ஊரு பேசிச்சு.”

ஆவுடைநாயகம் நாற்காலியில் சரிந்தார். பீர் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். இத்தனை நாளும் தங்கசாமிக்கு எதிரி யார் என்று அவனும் தாணுமாலயனும் ஊர் ஊராகத் தேடி அலைந்திருக்கிறார்கள். எதிரியே இல்லை. கொலையே நடக்கவில்லை.

“முதல்ல நான் நம்பல” என்றார் ஆவுடைநாயகம். “ரிவால்வர்லதான் சுட்டிருக்கான், ஆளு பிடிபட்டாச்சுன்னு சொன்னாங்க. நான் இல்லைன்னு நிம்மதியா இருந்தேன். பிறகு இன்ஸ்பெக்டர் அந்தக் குண்டை என் கையிலயே கொண்டு வந்து வச்சாரு. நாற்பத்துநாலுதானான்னு கேட்டாரு. ஆமான்னேன். ரிவால்வர் குண்டுதானேன்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற எதுலயாவது போகுமான்னு அவரு கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்கல.”

“நீங்களாச் சொல்லியிருக்கலாம்” என்றார் தாணுமாலயன்.

“ஸ்டேஷன் வரைக்கும் போவேன் அண்ணாச்சி. வாசல்ல நிப்பேன். என்னையும் கொலைகாரன்னுதான் சொல்லுவாங்கன்னு தோணும். திரும்பிருவேன்.”

“கை தவறினதுக்குத் தூக்கு கிடையாதுவே. ஆனா தெரிஞ்சும் ஒருத்தனைத் தூக்குக்கு அனுப்பினா, அதுக்குப் பேரு வேற.”

அதன் பிறகு ஆவுடைநாயகம் எழுந்தார். துப்பாக்கியைச் சாக்கோடு எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டார். “வாங்க” என்றார். சங்கரம்மாள் கடைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுத் தானும் தெருவில் இறங்கினாள்.

சந்தி வந்ததும் அவர் நின்றார். வலப்பக்கம் போனால் போலீஸ் ஸ்டேஷன். “அந்தப் பிள்ளை வீடு எங்கன இருக்கு?” என்று பீரிடம் கேட்டார். “மீரான் பெண்டாட்டி. அவ கிட்ட முதல்ல சொல்லணும்.”

“வேண்டாம் அண்ணாச்சி. அவ உங்களைக் கிழிச்சுப் போட்டுருவா.”

“கிழிக்கட்டும்.”

தாணுமாலயன் பீரைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் முன்னால் நடந்தான்.

ஹைருன் பீவி கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் நின்ற அந்நிய ஆணைப் பார்த்தாள், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். ஆவுடைநாயகம் வாசலில் மழையில் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தான் சுட்டது, தெரியாமல் சுட்டது, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் சத்தம் போடுவாள் என்று பீர் பயந்தான். கதவை அறைந்து சாத்துவாளோ, மயங்கி விழுவாளோ என்று அவளைத் தாங்கக் கையை நீட்டியபடி நின்றான். அவளோ சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் எதையோ ஓதியது.

“திங்கக்கிழமை அவுகளைக் கூண்டுல ஏத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்லா?” என்று கேட்டாள்.

“தெரியும்மா.”

“தெரிஞ்சும் சோறு இறங்குச்சா?”

“இறங்கல.”

“எனக்கும் இறங்கல” என்றாள் ஹைருன் பீவி.

உள்ளே போனாள். அழுவதற்குத்தான் போகிறாள் என்று பீர் நினைத்தான். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உடனே வெளியே வந்தாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

“நடங்க. நான் பின்னால வாரேன்.”

“நீ எதுக்கு லாத்தா மழையில? நாங்கதான் கூட்டிட்டுப் போறோம்லா?”

“இவுக இன்னும் ஸ்டேஷன் படி ஏறலல்லா” என்றாள்.

ஐந்து பேரும் தெருவில் நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஸ்டேஷனின் செங்கல் சுவர் தெரிந்ததும் ஆவுடைநாயகத்தின் நடை தளர்ந்தது. சாக்கை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார், மீண்டும் மாற்றினார். வாசலுக்கு முன்னால் நின்றே விட்டார். பீர் வாயைத் திறக்கப் போனான். தாணுமாலயன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஹைருன் பீவி ஆவுடைநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் ஓரடி நெருங்கி வந்து நின்றாள். அவள் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு முதல் படியில் காலை வைத்தார்.